பச்சை ரோட்ஸ்டரும் மேசனின் தூக்குக்குண்டும்

விபத்துக்குள்ளான கார் ஒன்றை மீட்பு லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து வளவுக்குள் இறக்கினால், யாழ்ப்பாணத்தில் அடுத்த சில நாட்களுக்கு அந்த வீடு செத்தவீடு போல ஆகிவிடுகிறது. படலையைத் திறந்துகொண்டு வந்தவர்கள் முதலில் என்னை மேலும் கீழும் பார்த்து, கைகால் சரியாக இருப்பதை உறுதிசெய்த பின்னர், மாமரத்தின் கீழ் நின்ற காரை ஒருமுறை சுற்றி வந்து, "திருத்த எவ்வளவு முடியும்?" என்று கேட்டார்கள். அம்மா எல்லோருக்கும் தேநீர் கொடுத்தபடி, நாவூறு பட்டுவிட்டது என்ற ஒரே விளக்கத்தையே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தனியாகச் சொன்னது வேறு: "உயிர் தப்பினது முருகன்ரை புண்ணியம் தம்பி. தகரத்தை நினைச்சு ஏன் சாப்பிடாமல் கிடக்கிறாய்?"

அந்தத் தகரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1989 இல் சிக்காகோ மோட்டார் கண்காட்சியில் எம்எக்ஸ்-5 என்ற பெயரில் மாஸ்டா அறிமுகப்படுத்தி, அதே ஆண்டிலேயே ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்பனைக்கு விட்ட இரண்டு இருக்கைக் கார் அது. என்னுடையது 1990 இல் வந்த வி-ஸ்பெஷல் வகையைச் சேர்ந்தது. கடும் பச்சை நிறம், பழுப்புத் தோல் இருக்கைகள், நார்டி நிறுவனத்தின் மரச் சுக்கான். 1.6 லீற்றர் இயந்திரத்தின் வலு 120 குதிரைவலுதான் என்பதைக் கேட்டு, நம்மூர் வான்களே அதைவிட அதிகம் இழுக்குமே என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடையும், நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியே அமைந்த இரட்டைக் கை சஸ்பென்ஷனும் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் தாங்கும் அமைப்பு), பின்சக்கர இழுவையும் சேர்ந்தால் வளைவில் என்ன நடக்கும் என்பது ஓட்டிப் பார்த்தவருக்கே புரியும். வேகம் வேண்டுமென்றால் வேறு கார்கள் இருக்கின்றன.

விபத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பருத்தித்துறை வீதியில், இரவில், வல்லை வெளியில், இருட்டுக்குள் இருந்து கட்டாக்காலி மாடொன்று வீதிக்கு ஏறியது. இவ்வளவு பதிந்த கார் மாட்டில் மோதினால் அதன் உடல் பொனற்றின் மேலால் உருண்டு நேரே முன்கண்ணாடிக்கு வரும். அதுவும் துணிக்கூரைக் கார். இடப்பக்கம் திருப்பினேன், மாடு தப்பியது, காரின் இடது முன்மூலை மதகுக் கட்டில் ஏறி நின்றது. மேலெழும் முன்விளக்குகளில் வலது விளக்கு மட்டும் வெளியை நோக்கி எரிந்துகொண்டிருக்க, இடது விளக்கு பாதியில் இறுகி நின்றது. ரேடியேற்றர் நீர் மணலில் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த வெளியின் காற்றைத் தவிர வேறு சத்தமில்லை.

பொலிஸ் முறைப்பாடும் காப்புறுதிக்காரரின் புகைப்படங்களும் அன்றிரவே முடிந்தன. மறுநாள் காலையில்தான் ஆசனப்பட்டி தோளிலிருந்து மறுபக்க இடுப்புவரை பதித்த கருநீலக் கோடு தெரிந்தது. கழுத்து திரும்ப மறுத்தது இரண்டாம் நாளில். இப்படியான மோதல்களில் கழுத்து வலி பிந்தி வருவது வழமை என்று மருத்துவர் சொன்னார். உடம்பு நன்றாக இருக்கிறது என்று அன்றிரவே எல்லோருக்கும் சொல்லிவிட்டதால், பிறகு வலிக்கிறது என்று சொல்ல ஒருவிதக் கூச்சம் வந்தது.

காப்புறுதி மதிப்பீட்டாளர் மரியாதையான மனிதர். ஆனால் அவர் கையிலிருந்த கணக்கு என் காருக்காக எழுதப்பட்டதல்ல. திருத்தச் செலவு காரின் பெறுமதியை நெருங்கினால் அது முழு இழப்பு. பணத்தைக் கொடுத்துவிட்டு, உடைந்த காரை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், அல்லது அதன் விலையைக் கழித்துக்கொண்டு நம்மிடமே விடுவார்கள். பொதுவான கார்களுக்கு இது நியாயமான முறைதான். சந்தையில் ஒன்றுகூட விலைக்கு நிற்காத காரின் சந்தைப் பெறுமதியை எதைக் கொண்டு நிர்ணயிப்பது? 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. திறந்தபோதும் சில ஆண்டுகளே பழைய வாகனங்களுக்குத்தான் அனுமதி. முப்பத்தைந்து வயது ரோட்ஸ்டர் ஒன்று இனி இந்த நாட்டுக்குள் வழமையான வழியில் வரப்போவதில்லை.

இந்த இடத்தில் வாசிப்பவர்களுக்கு உதவக்கூடிய ஒரு விடயம் உண்டு. இறக்குமதி நின்ற ஆண்டுகளில் பழைய வாகனங்களின் விலை ஏறியபோதும், பலருடைய காப்புறுதிப் பத்திரங்கள் பழைய பெறுமதியிலேயே புதுப்பிக்கப்பட்டு வந்தன. குறைந்த பெறுமதிக்குக் காப்புறுதி செய்திருந்தால், இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும். ஒரு கோடி ரூபாய் பெறுமதியான வாகனத்துக்கு அறுபது இலட்சமே பதிவாகியிருந்தால், பத்து இலட்சம் ரூபாய்ச் சேதத்துக்கு ஆறு இலட்சம்தான் கைக்கு வரும். என் மச்சானின் வானுக்கு இது நடந்ததைப் பார்த்த பிறகுதான் என்னுடைய பத்திரத்தின் பெறுமதியை உயர்த்தி வைத்திருந்தேன். ஆகவே திருத்துவதா விடுவதா என்று யோசிக்கும் சலுகை எனக்குக் கிடைத்தது. மச்சானுக்கு அது கிடைக்கவில்லை.

எனது கராஜ் அண்ணை எதையும் யோசிப்பவரல்ல, அளப்பவர். பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காமல் போன தொண்ணூறுகளில், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ்களையும் மொரிஸ் மைனர்களையும் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட வைத்த தலைமுறையிடம் தொழில் பழகியவர். (பெற்றோலை இயந்திரத்துக்குள் பீச்சும் என்னுடைய காரின் எரிபொருள் ஊசிகள் அந்த வித்தைக்கு இடங்கொடா என்பதில் அவருக்கு இன்றும் ஒரு குறை உண்டு.) நசுங்கிய மட்காட்டையும் மடிந்த பொனற்றையும் அவர் திரும்பியும் பார்க்கவில்லை. காரை நான்கு தாங்கிகளில் மட்டமாக நிறுத்தி, கீழே சீமெந்துத் தரையைக் கூட்டிக் கழுவி உலரவிட்டு, பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த மேசனிடம் தூக்குக்குண்டை இரவல் வாங்கி வந்தார்.

முறை மிக எளிமையானது. காரின் அடிப்பாகத்தில் தொழிற்சாலையிலேயே இடப்பட்ட துளைகள், இடமும் வலமும் சோடி சோடியாக உள்ளன. ஒவ்வொரு துளையிலிருந்தும் குண்டை இறக்கி, ஆட்டம் நிற்கும்வரை பொறுத்திருந்து, அதன் முனை தொடும் இடத்தில் தரையில் சோக்கினால் சிறு சிலுவை போட வேண்டும். பிறகு காரைத் தள்ளிவிட்டு, சிலுவைகளுக்கிடையே மூலைவிட்டங்களை அளக்க வேண்டும். இடமுன்னிலிருந்து வலப்பின்னுக்கும், வலமுன்னிலிருந்து இடப்பின்னுக்கும் உள்ள தூரங்கள் ஒன்றாக இருந்தால் உடல் நேர். வேறுபட்டால் உடல் முறுகியிருக்கிறது. அளவு நாடாவின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன். குந்தியிருந்து அவர் வாசித்த ஒவ்வொரு எண்ணையும் அவரது உதவியாளப் பொடியன் சிகரெட் பெட்டி அட்டையில் எழுதினான்.

காரைத் தள்ளுவதற்கு முன்பே சக்கரங்களின் மையங்களுக்கும் குண்டு இறக்கியிருந்தோம். இந்தக் காரில் முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் இடையே 2,265 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். வலப்பக்கம் சரியாக இருந்தது. இடப்பக்கம் 14 மில்லிமீற்றர் குறைந்திருந்தது. எனக்கு வயிறு கலங்கியது. அண்ணை அதைப் பொருட்படுத்தாமல், உடலின் மூலைவிட்டங்களை இரண்டாம் முறை அளந்துவிட்டு எழும்பினார். "உடம்பு நேர்தான் தம்பி. கைதான் வளைஞ்சது. கையைக் கழட்டி மாத்தலாம்."

அவர் சொன்ன கை, சக்கரத்தைத் தாங்கும் லோவர் ஆம். உடலின் துளைகள் தம் இடத்திலேயே இருக்க, சக்கரம் மட்டும் பின்னுக்குப் போயிருப்பதால், அடியின் பெரும்பகுதியை ஆணிகளால் பொருத்தப்பட்ட உறுப்புகளே வாங்கியிருக்கின்றன என்பது அதன் பொருள். ரேடியேற்றரைத் தாங்கும் முன்தகடு மடிந்திருந்தது உண்மை. ஆனால் இயந்திரத்தின் இருபுறமும் ஓடும் நீளக் கட்டைகளில் தகட்டு மடிப்போ, மூட்டுகளில் பெயின்ற் வெடிப்போ இருக்கவில்லை. மதிப்பீட்டாளரின் புகைப்படங்கள் எவற்றிலும் இது தெரியாது. மேலுடம்பின் கோரத்தைப் பார்த்து முழு இழப்பென்று முடிவெடுப்பதும், மேலுடம்பைத் தட்டிப் பூசிவிட்டு உள்ளே முறுகிய உடலோடு வீதிக்கு விடுவதும், என் பார்வையில் ஒரே பிழையின் இரண்டு முகங்கள்தான். இரண்டாவது ஆளைக் கொல்லக்கூடியது.

கொழும்பிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, கார் எப்படியிருந்தாலும் பரவாயில்லை, சுக்கானும் இருக்கைகளும் நல்ல நிலையில் இருக்கின்றனவா என்று மட்டும் கேட்டார். அளவு பார்ப்பதற்கு முந்திய நாள் என்றால் ஒருவேளை கொடுத்திருப்பேன்.

பாகங்கள் தேடுவது தனி அலுவல். கொழும்பில் வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய மாஸ்டா ஃபமிலியா காரின் பொருட்கள் கிடைக்கும். இந்த இயந்திரம் அந்தக் குடும்பத்தில் வந்தது என்பதால் ரேடியேற்றர் குழாய்களைத் தேடும் அலைச்சலாவது குறைந்தது. சஸ்பென்ஷனும் விளக்கும் அங்கே இல்லை. ஆனால் இங்கிலாந்தும் நம்மைப் போல இடப்பக்கம் ஓடும் நாடு, அங்கே இந்தக் கார்கள் ஏராளமாக விற்கப்பட்டன, நமக்கோ லண்டனில் ஒரு சித்தப்பா இல்லாத குடும்பம் குறைவு. லோவர் ஆமும் விளக்கை எழுப்பும் மோட்டாரும் சித்தப்பாவின் பயணப் பெட்டியில், அம்மாவுக்கான கம்பளிப் போர்வையில் சுற்றப்பட்டு வந்து சேர்ந்தன. மாஸ்டா நிறுவனமே ஜப்பானில் இந்த முதல் தலைமுறைக் கார்களுக்குப் புதுப்பிப்புச் சேவையொன்றைத் தொடங்கி, சில பாகங்களை மீண்டும் உற்பத்தி செய்கிறது. அந்த விலைப்பட்டியலை நான் மரியாதையுடன் மூடி வைத்துவிட்டேன்.

பொனற்தான் எங்களை அலைக்கழித்தது. ஊரில் டிங்கரிங் செய்பவர் ஒருவர் காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை என்றதும், முழுக்கப் பட்டியால் (பள்ளங்களை அடைக்கும் பசையால்) நிரப்பிய பொனற்றை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று துக்கத்தோடு அறிவித்தார். உண்மையில் அது அலுமினியம். எடையைக் குறைப்பதற்காகத் தொழிற்சாலையே அப்படிச் செய்தது. அலுமினியத்தை இரும்புத் தகட்டைப் போலத் தட்டி நேராக்க முடியாது; மடிந்த இடத்தில் இறுகி, தட்டத் தட்ட வெடிக்கும். பற்றவைப்பதற்கும் ஆர்கன் வாயுவும் அதற்குப் பழகிய கையும் வேண்டும். பயணப் பெட்டியில் வராத பொருள் என்பதால், கடைசியில் அது கப்பலில் மரச்சட்டத்துக்குள் வந்தது, சிவப்பு நிறத்தில்.

ஒரு விடயத்தில் மட்டும் நான் யாருடைய ஆலோசனையையும் கேட்கவில்லை. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத ஆசனப்பட்டிகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியவற்றைப் போட்டேன். மோதலில் ஒருமுறை இழுபட்ட பட்டியின் நெசவு தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. காற்றுப்பை இல்லாத இந்தக் காரில் அந்தப் பட்டியைத் தவிர எனக்கு வேறு காவல் இல்லை.

சக்கரச் சீரமைப்பின்போது பழைய சரிசெய் ஆணிகள் துருவில் இறுகி வர மறுத்ததால் அவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. பச்சை நிறம் பழைய பச்சையோடு நண்பகல் வெயிலில் பொருந்துகிறது, மாலையில் பொருந்தவில்லை. வல்லை வெளியை இப்போதும் ஓட்டிக் கடக்கிறேன், பகலில் மட்டும். இரவில் அச்சுவேலிப் பக்கம் போக வேண்டியிருந்தால் மச்சானின் வானை இரவல் கேட்கிறேன், அவரும் காரணம் கேட்பதில்லை.

திருத்தம் முடிந்த பின்னர் காப்புறுதிப் பக்கத்திலிருந்து மீண்டும் ஒருவர் பார்வையிட வந்து, புதிய பொனற்றையும் விளக்குகளையும் நான்கு மூலைகளிலிருந்தும் படமெடுத்தார். சிகரெட் பெட்டி அட்டையில் இருந்த அளவுகளை நான் தாளில் படியெழுதிக் கொடுத்து, கோப்பில் சேர்க்கும்படி கேட்டேன். அப்படியான தாளுக்குப் படிவத்தில் இடமில்லை என்றார். இருந்தாலும் படிவத்தின் பின்னால் வைத்து ஊசி குத்திக் கொடுத்தேன். அவரும் வாங்கிக்கொண்டு போனார்.