மூன்று வாரம்

பிப்ரவரி 3
கடிதம் வரவில்லை.

பிப்ரவரி 4
தூக்கம் பிடிக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு அந்தக் காலத்து கால்பந்து ஆட்டக்காரர் ஸ்டீவ் ப்ளூமரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் இந்த டெர்பிக்கு வந்து நாலு வருடம் ஆகிறது, இந்த ஊரில் அவர் பெயர் காதில் விழாத வாரமே இல்லை. ஊர் கிளப்பான டெர்பி கவுண்டிக்கு 525 ஆட்டம், 332 கோல். இங்கிலாந்துக்கு 23 ஆட்டத்தில் 28. அப்படிப்பட்டவரை 1906-இல் 750 பவுண்டுக்கு மிடில்ஸ்பரோ கிளப்புக்கு விற்றுவிட்டார்கள். அந்தப் பணம் கிளப்புக்கு. ஆட்டக்காரருக்கு வாரம் 4 பவுண்டுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்று கால்பந்துச் சங்கத்தின் விதியே இருந்தது. எவ்வளவு கோல் போட்டாலும் அவ்வளவுதான்.

பிப்ரவரி 6
அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி, "தபால் வந்துச்சாடா?" சாப்பிட்டாயா என்பது இப்போது இரண்டாவதாகிவிட்டது.

பிப்ரவரி 9
வேலை மாறி இன்றோடு மூன்று வாரம்.

இந்த மூன்று வாரம் என்பதை விட முடியவில்லை. 1910-இல் ப்ளூமர் டெர்பிக்கே திரும்பினார், 1912-இல் அணியை முதல் டிவிஷனுக்கு ஏற்றினார், 1914 ஜனவரியில் ஓய்வு. வயது நாற்பது. கால் நின்றால் சம்பளமும் நின்றது. ஜூலையில் பெர்லினில் பயிற்சியாளர் வேலை கிடைக்கிறது, போகிறார். மூன்றே வாரத்தில், ஆகஸ்ட் 4 அன்று, பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் போர். நவம்பரில், அங்கே இருந்த பிரிட்டிஷ்காரர்களை அடைத்துவைத்த ரூலேபென் முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். குதிரைப் பந்தய மைதானம் அது. ஒரு குதிரை கட்டும் இடத்தில் ஆறு பேர். "எனக்கும் சண்டைக்கும் என்ன சம்பந்தம், நான் பந்து சொல்லிக்கொடுக்க வந்தவன்" என்று அவர் யாரிடமாவது சொல்லியிருப்பாரா? சொல்லியிருந்தால் மட்டும்? ஒரு மாதம் தள்ளிக் கிளம்பியிருக்கலாம். ரயிலைத் தவறவிட்டிருக்கலாம். நானும் பழைய வேலையிலேயே கிடந்திருக்கலாம்.

பிப்ரவரி 10
இல்லை.

பிப்ரவரி 15
கூட வேலை செய்யும் ஒருவர் டிக்கெட் கொடுத்தார், டெர்பி கவுண்டியின் மைதானமான பிரைட் பார்க் போனேன். டெர்பி ஆட்கள் உட்காரும் பெஞ்சுப் பக்கத்திலேயே ப்ளூமரின் மார்பளவுச் சிலை. நடு வகிடு, இறுகின வாய். ஆட்டத்தை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். குளிரில் விரல் மரத்துப்போனது. இடைவேளையில் டீ வாங்கி, குடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன். நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் முதலில் தரையைத்தான் பார்த்தேன்.

பிப்ரவரி 17
முகாமிலும் பந்தாடியிருக்கிறார்கள். பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் உள்ளே இருந்தார்கள். போட்டி, கோப்பை எல்லாம் உண்டு. 1918 மார்ச்சில் ப்ளூமருக்கு வழியனுப்பு ஆட்டம்கூட நடத்தினார்கள். வெளியே விட்டார்கள், ஆனால் வீட்டுக்கு இல்லை, போரில் சேராத ஹாலந்துக்கு. மூன்று வருடத்துக்கு மேல் குதிரை லாயத்தில் இருந்தவரிடம், இன்னும் கொஞ்சம் பொறு என்கிறார்கள்.

எரிச்சலாக வருகிறது. அவருக்காகவா எனக்காகவா தெரியவில்லை.

பிப்ரவரி 18
கதவிடுக்கில் சத்தம் கேட்டு ஓடினேன். பீட்சாக் கடை நோட்டீஸ்.