ஒரே ஒரு அப்டேட் மட்டும் ஏறாதபோது

2024 ஜனவரி 9 அன்று விண்டோஸ் 10-க்கு வந்த அப்டேட்களில் ஒன்று எங்கள் வீட்டுக் கணினியில் ஏறவே மாட்டேன் என்றது. அதன் எண் கேபி5034441. இறங்கும், நிறுவத் தொடங்கும், பிறகு 0எக்ஸ்80070643 என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடும். மறுபடி அழுத்தினாலும் அதே எண்தான். இதை எப்படிச் சரிசெய்தேன் என்று விரிவாகவே எழுதுகிறேன். இந்த மாதிரிப் பிழைக்காக ஃபார்மட் அடித்து, பல வருடக் குடும்பப் படங்களைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். அந்த இழப்பு தேவையே இல்லாதது.

எங்களுடையது சில வருடங்களுக்கு முன் அசெம்பிள் செய்து வாங்கிய கணினி. 240 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ், 1 டிபி ஹார்ட் டிஸ்கில் மற்றதெல்லாம். அண்ணி அதில்தான் டியூஷன் பிள்ளைகளுக்கு வினாத்தாள் தயாரிக்கிறார். பழைய வினாத்தாள்கள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன, புதியவை யூனிகோடில். அப்பா டேலியில் கணக்கு எழுதுகிறார். ஃபார்மட் என்றால் எழுத்துரு, டேலி, பிரிண்டர் டிரைவர் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும். தெரிந்த சர்வீஸ் தம்பி ஒருவரிடம் போனில் கேட்டேன். "ஃபார்மட் அடிச்சிடலாம்ண்ணே, அரை நாள் வேலை" என்றார். பக்கத்தில் நின்ற அண்ணி, "பரீட்சை நேரம் தம்பி, வேற வழி இருக்கான்னு பாருங்க" என்றார். அதனால் வேறு வழி தேடினேன்.

செட்டிங்ஸில், விண்டோஸ் அப்டேட் பக்கத்தில், அப்டேட் ஹிஸ்டரி என்று ஒன்று உண்டு. தேடுவதை அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எங்கள் கணினியில் அதே நாளில் வந்த மாதாந்திரப் பெரிய அப்டேட், கேபி5034122, ஒழுங்காக ஏறியிருந்தது. விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பான டிஃபெண்டருக்கு வருபவையும் ஏறிக்கொண்டிருந்தன. இந்த ஒன்று மட்டும்தான் தோற்றது. எல்லாமே தோற்றால் அப்டேட் செய்யும் ஏற்பாட்டில் கோளாறு என்று எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் தோற்றால், அது கணினியில் எந்த இடத்தைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும்.

பிழை எண்ணை வைத்துத் தேடினால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. 0எக்ஸ்80070643 என்பதில் கடைசி 643 பதினாறடிமான எண். நாம் வழக்கமாக எண்ணும் கணக்கில் அது 1603. 'நிறுவும்போது பெரிய பிழை' என்பதற்கு மேல் அதில் தகவல் கிடையாது. டாட்நெட் அப்டேட் தோற்றாலும், டிஃபெண்டர் அப்டேட் தோற்றாலும், வேறு வேறு காரணங்களுக்கு இதே எண் வரும். காய்ச்சல் என்று சொல்வது போலத்தான், எதனால் காய்ச்சல் என்று அது சொல்லாது. கேபி எண்ணை வைத்துத் தேடுங்கள். ஒவ்வொரு கேபி எண்ணுக்கும் ஓர் அதிகாரபூர்வ உதவிப் பக்கம் இருக்கிறது. அந்த அப்டேட் எதற்காக, என்ன தேவை, தெரிந்த சிக்கல் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும்.

பொதுவாக எல்லாரும் சொல்லும் வழிகளையும் செய்து பார்த்தேன். ட்ரபிள்ஷூட்டரை ஓட்டினேன். அப்டேட் சர்வீஸை நிறுத்தி, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டருக்கு வேறு பெயர் வைத்து, சர்வீஸை மறுபடி ஓடவிட்டேன். பழுதான சிஸ்டம் கோப்புகளைச் சரிசெய்யும் டிஸ்ம் கட்டளையை 'ரெஸ்டோர்ஹெல்த்' என்ற சொல்லோடு கொடுத்து, அது முடிந்த பிறகு எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கொடுத்தேன். இந்த வரிசை முக்கியம். எஸ்எஃப்சி எந்தக் கிடங்கிலிருந்து நல்ல கோப்பை எடுக்கிறதோ, அந்தக் கிடங்கைச் சரிசெய்வது டிஸ்ம். டிஸ்ம் ஓடும்போது 62.3 சதவீதத்தில் நெடுநேரம் நிற்கும். பலருக்கும் அங்கேதான் நிற்கும், ஜன்னலை மூடிவிடாமல் காத்திருக்க வேண்டும். இவற்றால் எங்களுக்குப் பலன் இல்லை, காரணம் வேறிடத்தில் இருந்தது. ஆனால் எல்லா அப்டேட்டும் தோற்கும் கணினிகளில் இவை நன்றாகவே வேலை செய்யும். சி டிரைவில் போதிய இடம் இருக்கிறதா, தேதியும் நேரமும் சரியா என்று பார்த்துவிட்டு இவற்றைச் செய்யலாம்.

சரி, காரணத்துக்கு வருகிறேன். விண்டோஸ் கிளம்பாமல் போனால் நீலத் திரையில் 'ட்ரபிள்ஷூட்' என்று ஒரு மெனு வருமே, அது விண்டோஸுக்குள் இருப்பதில்லை. டிஸ்கில் தனியாக ஒதுக்கிய ஒரு சிறிய பகுதியில், அதாவது ரெக்கவரி பார்ட்டிஷனில், வின்ஆர்இ என்ற பெயரில், ஒரு குட்டி விண்டோஸாக இருக்கிறது. அந்தக் குட்டி விண்டோஸைப் புதுப்பிப்பதுதான் இந்த அப்டேட்டின் வேலை. கணினியைக் கையில் எடுத்த ஒருவர் இந்த மீட்பு வழியாக நுழைந்து, டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் பூட்டைத் தாண்ட முடியும் என்று ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அதன் எண் சிவிஇ-2024-20666. அதை அடைக்க வந்த அப்டேட் இது. ஏற வேண்டுமென்றால் ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இடம் இருக்க வேண்டும் என்று உதவிப் பக்கம் சொன்னது. எங்களுடைய ரெக்கவரி பார்ட்டிஷனின் மொத்த அளவே 500 எம்பியை ஒட்டித்தான். அதில் பெரும்பகுதியை உள்ளே இருக்கும் கோப்பே பிடித்துக்கொண்டது. சி டிரைவில் எத்தனை ஜிபி காலியாக இருந்தாலும் இதற்கு உதவாது. ஃபார்மட் அடித்திருந்தாலும், பழைய பென்டிரைவிலிருந்து விண்டோஸ் போட்டால் அதே அளவுப் பார்ட்டிஷன்தான் திரும்ப உருவாகியிருக்கும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கணினியில் டிஸ்க் பூட்டப்படவில்லை என்றால், இந்த அப்டேட் ஏறாததால் உடனடியாக ஆபத்து எதுவும் இல்லை. ரெக்கவரி பார்ட்டிஷன் இல்லாத கணினிக்கு இது தேவையே இல்லை என்று உதவிப் பக்கமும் சொல்கிறது. பார்ட்டிஷனில் கைவைக்கப் பயம் என்றால் அப்படியே விட்டுவிடலாம், தவறில்லை. நான் செய்யத் துணிந்ததற்குக் காரணம், என்றாவது விண்டோஸ் கிளம்பாமல் போனால் அந்த மீட்பு மெனு நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்ற எண்ணம். அண்ணியின் வினாத்தாள்கள் இருக்கும் கணினி அது.

வேலையைத் தொடங்குமுன் பேக்கப். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டேலி டேட்டா ஃபோல்டர், பாமினி எழுத்துருக் கோப்புகள் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் காப்பி எடுத்தேன். காப்பி எடுத்ததோடு நிற்காமல், அதிலிருந்தே சில வினாத்தாள்களைத் திறந்து பார்த்துக்கொண்டேன். அப்புறம் அந்த ஹார்ட் டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். பார்ட்டிஷன் வேலை நடக்கும்போது அது செருகியே இருந்தால், கட்டளையில் டிஸ்க் எண் மாறி அதன் மீதே கை வைத்துவிடும் வாய்ப்பு உண்டு. மின்சாரத்தையும் யோசிக்க வேண்டும். பார்ட்டிஷன் வேலை நடுவில் கரண்ட் போகக் கூடாது. மாதப் பராமரிப்பு மின்தடை முடிந்த மறுநாள், யுபிஎஸ் பேட்டரி நிறைந்த பிறகு உட்கார்ந்தேன். பிட்லாக்கர் போட்டிருப்பவர்கள் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் இதைத் தொட வேண்டும். மேனேஜ்-பிடிஇ கட்டளையை 'ஸ்டேட்டஸ்' என்று கொடுத்தால், போட்டிருக்கிறதா இல்லையா என்று காட்டிவிடும்.

கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ரீஏஜென்ட்சி என்ற கட்டளையை 'இன்ஃபோ' என்று கொடுத்தேன். வின்ஆர்இ 'எனேபிள்டு' என்றும், அது ஹார்ட் டிஸ்க் 0, பார்ட்டிஷன் 4-இல் இருக்கிறது என்றும் காட்டியது. இந்த இரண்டு எண்களையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் எந்தப் பார்ட்டிஷனை அழிக்கலாம் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இதுதான். பிராண்டட் லேப்டாப்களில் கம்பெனி வைத்த ஃபேக்டரி ரீசெட் பார்ட்டிஷனும் 'ரெக்கவரி' என்ற பெயரில்தான் இருக்கும். பெயரை மட்டும் பார்த்து அதை அழித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

அடுத்து ரீஏஜென்ட்சி 'டிஸேபிள்'. இதைக் கொடுத்ததும் மீட்புக் கோப்பு, வின்ஆர்இ டாட் விம், அந்தப் பார்ட்டிஷனிலிருந்து சி டிரைவுக்கு, சிஸ்டம்32-க்குள் இருக்கும் ரெக்கவரி ஃபோல்டருக்கு வந்துவிடும். அது உண்மையில் வந்ததா என்று பார்த்துக்கொள்ளாமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது. மறைந்த கோப்பு என்பதால் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. 'டிர்' கட்டளையோடு சாய்கோடும் 'ஏ'-வும் சேர்த்துக் கொடுத்தால் தெரியும். அந்தக் கோப்பு அங்கே இல்லாத நிலையில் பழைய பார்ட்டிஷனை அழித்துவிட்டால் மீட்பு மெனுவே போய்விடும், விண்டோஸை நிறுவப் பயன்படும் ஐஎஸ்ஓ கோப்பிலிருந்து தேடி எடுத்துத்தான் போட வேண்டும்.

பிறகு டிஸ்க்பார்ட், பார்ட்டிஷன்களை மாற்றும் கட்டளைக் கருவி. டிஸ்க் பட்டியலில் எஸ்எஸ்டிக்கு நேராக ஜிபிடி என்ற தலைப்பின் கீழ் நட்சத்திரக் குறி இருந்தது, அதாவது புது வகை டிஸ்க். டிஸ்க் 0-ஐத் தேர்ந்து, பார்ட்டிஷன் பட்டியலைப் பார்த்து, சி டிரைவ் இருக்கும் பார்ட்டிஷனைத் தேர்ந்து, அதை 'ஷ்ரிங்க்' கட்டளையால் சுருக்கினேன். உதவிப் பக்கம் 250 எம்பி என்கிறது. நான் 1000 எம்பி கொடுத்தேன், நாளைக்கு இன்னொரு மீட்பு அப்டேட் இன்னும் இடம் கேட்டால் மறுபடி இந்த வேலை வேண்டாம் என்று. பிறகு தாளில் எழுதிய எண்ணோடு ஒப்பிட்டு, பார்ட்டிஷன் 4-ஐ 'டெலிட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு' கொடுத்து நீக்கினேன். 'ஓவர்ரைடு' இல்லாமல் கொடுத்தால், பாதுகாக்கப்பட்ட பார்ட்டிஷன் என்று மறுத்துவிடும்.

காலியான இடத்தில் புதுப் பார்ட்டிஷன் உருவாக்கும்போது, இது மீட்புக்கானது என்று சொல்லும் நீளமான அடையாள எண் ஒன்றையும், டிரைவ் எழுத்து தானாக ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் இன்னொரு குறிப்பையும் கொடுக்க வேண்டும். இரண்டும் உதவிப் பக்கத்தில் இருக்கின்றன. கையால் தட்டாதீர்கள், அங்கிருந்து காப்பி செய்து ஒட்டுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் விண்டோஸ் அதை மீட்புப் பார்ட்டிஷனாகப் பார்க்காது. பழைய எம்பிஆர் வகை டிஸ்க் என்றால் இந்த நீளமான எண்ணெல்லாம் வேண்டாம், 27 என்ற சிறிய எண் போதும். பிறகு என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மட். புதிதாக உருவாக்கிய அந்தச் சின்னப் பார்ட்டிஷனை மட்டும்தான். டிஸ்க்பார்ட்டிலிருந்து வெளியே வந்து ரீஏஜென்ட்சி 'எனேபிள்' கொடுத்ததும் கட்டளை வெற்றி என்று வந்தது. மறுபடி 'இன்ஃபோ' கேட்டேன், பார்ட்டிஷன் 4-இல்தான் இருந்தது, ஆனால் இப்போது பெரிய வீட்டில்.

அப்டேட்டை அழுத்துமுன் இன்னொரு சோதனை. ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தேன். நீலத் திரையில் மீட்பு மெனு முழுதாக வந்தது. அது வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி. விண்டோஸுக்குத் திரும்பி அப்டேட் பக்கத்தில் மறுபடி முயற்சி கொடுத்தேன், கேபி5034441 அலட்டாமல் ஏறிவிட்டது. அண்ணி வந்து அப்டேட் ஹிஸ்டரியை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "அப்ப நாளைக்கு ரிவிஷன் டெஸ்ட் பிரிண்ட் எடுத்துக்கலாம்ல" என்றார்.

பிறகு சித்தப்பாவின் லேப்டாப்பிலும் இதே பிழை. அங்கே ஒரு சிக்கல் கூடுதலாக இருந்தது. அதில் ரெக்கவரி பார்ட்டிஷன் சி டிரைவுக்குப் பின்னால் இல்லை, டிஸ்கின் தொடக்கத்திலேயே இருந்தது. விண்டோஸ் 10-இன் பழைய பதிப்புகளிலிருந்து நிறுவிய கணினிகளில் அப்படித்தான் இருக்கும். சி டிரைவைச் சுருக்கினால் காலி இடம் அதன் பின்பக்கம்தான் வரும், முன்னால் இருக்கும் பார்ட்டிஷனோடு ஒட்டாது. அதனால் பழையதைத் தொடாமல் விட்டுவிட்டு, சி-க்குப் பின்னால் கிடைத்த இடத்தில் புதிதாக ஒரு ரெக்கவரி பார்ட்டிஷன் உருவாக்கி, வின்ஆர்இயை அங்கே குடியேற்றினேன். பழையது அரை ஜிபி கூட இல்லை, அது அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டேன். டிஸ்க் அமைப்பைப் படமாகப் பார்க்க டிஸ்க் மேனேஜ்மெண்ட் ஜன்னல் உதவும். கட்டளை தட்டுமுன் அதைத் திறந்து, ரெக்கவரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

எல்லா அப்டேட்டும் தோற்று, டிஸ்ம், எஸ்எஃப்சி எதுவும் உதவாத நிலையிலும் ஃபார்மட்டுக்கு முன்னால் ஒரு படி பாக்கி இருக்கிறது. விண்டோஸ் ஐஎஸ்ஓவை இறக்கி, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே அதன் செட்டப்பை ஓட்டி, 'கோப்புகளையும் ஆப்களையும் வைத்துக்கொள்' என்பதைத் தேர்ந்தால் விண்டோஸ் மட்டும் புதிதாக மேலே ஏறும். டேலி அப்படியே இருக்கும், எழுத்துருக்களும் இருக்கும். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: ரிப்பேர் அப்கிரேட்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எங்கள் கணினியின் பிராசஸர் விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லாத பழைய தலைமுறை. அதனால் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தரும் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறோம். சேர்வதற்கான இணைப்பு அந்த விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இருக்கிறது.