கம்பத்தை எங்கே நடுவது: யாழ்ப்பாணத்தில் காற்றுக் கொந்தளிப்பை அளத்தல்

தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றுகிறவர்களுக்கு இது தெரிந்த கதைதான். பனை உயரத்துக்குக் கீழே பட்டம் குத்தும், சுத்தும். பனையின் தலைவட்டைத் தாண்டி மேலே போனால் பட்டத்தில் கட்டிய விண் ஒரே சீராகக் கூவத் தொடங்கும். கீழே இருப்பது பனையும் வீடும் மதிலும் உடைத்துவிட்ட காற்று. அந்த உடைவைத்தான் கொந்தளிப்பு என்கிறோம். அதை எண்ணாக்குவதற்குக் கருவி வாங்குவதைவிடக் கம்பம் நட இடம் பிடிப்பதுதான் பெரிய வேலை. பிழையான இடத்தில் வைத்த நல்ல கருவி, பிழையான காற்றைத் துல்லியமாக அளந்து தரும்.

முதலில் கருவி. கிண்ணக் காற்றுமானி சராசரிக்குப் போதும். ஆனால் காற்று வீசினால் சட்டென்று வேகமெடுக்கும், ஓய்ந்தால் மெல்லத்தான் தணியும், அதனால் குமுறும் காற்றில் கொஞ்சம் கூட்டிச் சொல்லும். மேலும் கீழுமான அசைவும் அதற்குத் தெரியாது. கொந்தளிப்புக்கு வேண்டியது சொனிக் அனிமோமீற்றர், அதாவது ஒலியைக்கொண்டு காற்றை அளக்கும் கருவி. எதிரெதிராக இரண்டு முனைகள், இடையில் 10 முதல் 15 சென்றிமீற்றர். ஒன்று மீயொலி விட மற்றது கேட்கும், பிறகு மாறிச் செய்யும். காற்றோடு போகும் ஒலி முந்தும், எதிர்த்து வருவது பிந்தும். 30 பாகை வெப்பத்தில் ஒலியின் கதி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர். 10 சென்றிமீற்றர் பாதையில் செக்கனுக்கு 1 மீற்றர் காற்று உண்டாக்கும் நேர வித்தியாசம் வெறும் 1.6 மைக்ரோசெக்கன். இப்படி மூன்று சோடி முனைகள் இருந்தால் காற்றின் மூன்று திசைக்கூறுகளும் கிடைத்துவிடும். ஒலியின் கதியில் இருந்து வெப்பநிலையும் வரும். எங்கள் ஊர் ஈரக்காற்றில் அது தெர்மோமீற்றரைவிட 3 பாகை மட்டில் கூடக் காட்டும். நீராவியால் ஒலி சற்று விரைவாகப் போவதுதான் காரணம், கருவி பழுதென்று பதறவேண்டாம்.

இனி இடம். யாழ்ப்பாணத்துக்கு இரண்டு காற்றுத்தான் கணக்கு: தென்மேற்கில் இருந்து சோளகம், வடகிழக்கில் இருந்து வாடை. ஒன்றுக்கொன்று நேர் எதிர். கோபுரத்தின் பக்கவாட்டில் கை போல ஒரு சட்டத்தை நீட்டிக் கருவியைப் பொருத்துகிறீர்கள் என்றால், அந்தக் கையைச் சோளகம் பார்க்க வைத்தால் வாடை முழுக்கக் கோபுரத்தைக் கிழித்துக்கொண்டுதான் கருவிக்கு வரும். அரை வருடத் தரவு வீண். கையை வடமேற்கோ தென்கிழக்கோ பார்க்க வையுங்கள், இரண்டு காற்றும் பக்கத்தால் வரும். கையின் நீளம் கோபுரத்தின் முக அகலத்தைப்போல மூன்று மடங்காவது இருக்கட்டும். உச்சியில் பொருத்த முடியுமென்றால் இந்தச் சிக்கலே இல்லை.

அடுத்தது, காற்று வரும் பக்கம் எவ்வளவு தூரம் ஒரே மாதிரி நிலம் என்பது. கருவியின் உயரத்தைப்போல நூறு மடங்கு வேண்டும் என்பது பழைய கைவிதி. இங்கேதான் எங்கள் தோட்டக் காணிகள் காலை வாரும். ஒரு பரப்பு 10 பேர்ச், அதாவது 16 மீற்றருக்கு 16 மீற்றர். 4 பரப்பு வெங்காயத்தின் நடுவே 2 மீற்றர் உயரத்தில் கருவி வைத்து ஆவியாதலை அளக்கப் போனால், விதி கேட்பது 200 மீற்றர், உங்களிடம் இருப்பது 16. வெங்காயத்தின் பெயரில் பக்கத்துக் காணிப் புகையிலையை அளந்துகொண்டிருப்பீர்கள். பனந்தோப்பு இன்னும் மோசம். மரம் 15 மீற்றர் என்றால், காற்றுக்கு நிலம் தொடங்குவதே 10 மீற்றர் உயரத்தில் என்று வைத்துக்கொள்ளலாம். கருவி 30 மீற்றருக்கு மேலே போகவேண்டும்.

வெட்டவெளி தேடினால் வல்லை வெளியை விட்டால் ஆளில்லை. அதில் எதிர்க்காற்றுக்குச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: மாரியில் தண்ணீர், கோடையில் காய்ந்த உப்புத்தரை. இரண்டின் கரடுமுரடும் ஒன்றல்ல, தரவைப் பிரித்தே பார்க்கவேண்டும்.

அங்கே இழுகம்பிக்கு அடிக்கும் முளை சேற்றில் நிற்காது, கொங்கிரீற் கட்டை புதைக்கவேண்டும். வலிகாமத்துச் செம்பாட்டில் நிலைமை வேறு, கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல், துளை போட்டு இறுக்கலாம். இழுகம்பி தளர்ந்தால் கம்பம் ஆடும், ஆட்டம் தரவுக்குள் புகுந்துவிடும். காற்றின் அசைவுகளை மெதுவானது, வேகமானது என்று அதிர்வெண்வாரியாகப் பிரித்துக் காட்டுவது நிறமாலை வரைபடம். அதில் ஒரே அதிர்வெண்ணில் முள்ளுப் போல ஒன்று எழும்பினால் அது காற்றல்ல, கம்பம்.

கருவி 1 பாகை சரிந்தால் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். செக்கனுக்கு 5 மீற்றர் காற்றில் 1 பாகை சரிவு 9 சென்றிமீற்றர் பொய்யான மேலெழுச்சியைக் காட்டும். நாங்கள் தேடும் அசைவுகளும் பத்து, இருபது சென்றிமீற்றர் கணக்குத்தான். கணினியில் பிறகு திருத்தலாம், உண்மைதான். அதற்காக மேலே லெவல் பிடிக்காமல் இறங்கிவிடக்கூடாது.

செக்கனுக்கு 20 தடவை பதிந்தால் அரை மணிக்கு 36,000 வரி, நாளுக்கு 17 இலட்சத்து 28 ஆயிரம். கருவியும் பதிவுப் பெட்டியும் சேர்ந்து 3 வாட் எடுத்தால் 12 வோல்ட் பற்றரியில் நாளுக்கு 6 அம்பியர்மணி. கார்த்திகை மழையில் ஐந்து நாள் வெயில் முகமே காட்டாது, ஈயப் பற்றரியைப் பாதிக்குமேல் இறக்கவும் கூடாது. ஆகவே 60 அம்பியர்மணிக்குக் குறையாமல் போடுங்கள்.

மழையில் கீழ்முனையில் ஒரு துளி தொங்கி நின்றாலே ஒலி சிதறும், தரவில் ஈட்டி ஈட்டியாகப் பாயும். முனையில் நூல்திரி ஒன்றைக் கட்டிவிட்டால் துளி அதன் வழியே வடியும். அதைவிட வில்லன் உப்பு. சோளகக் காலத்தில் கடலேரிப் பக்கம் வெண்பூச்சாகப் படியும். நல்ல தண்ணீரில் நனைத்த மென்துணியால் துடைத்தால் போதும், சுரண்டவேண்டாம். காகம் உட்காராமல் இருக்க மேலே கூர்க்கம்பி வையுங்கள்.

தரவு நல்லதா என்று பார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. கொந்தளிப்பு மேலும் கீழுமாகச் சுமந்துபோகும் வெப்பம், நீராவி போன்றவற்றின் அளவைத்தான் பாயம் என்கிறோம். அரை மணிக்குக் கணக்கிட்ட பாயத்தையும், அதே அரை மணியை 5 நிமிடத் துண்டுகளாக வெட்டிக் கணக்கிட்ட பாயங்களின் சராசரியையும் ஒப்பிடுங்கள். 30 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த அரை மணிக்குள் காற்றே மாறியிருக்கிறது. நிறமாலையின் வேகமான பக்கம் −5/3 சரிவில் இறங்கவேண்டும், 1941இல் ரஷ்யக் கணிதவியலாளர் கொல்மொகொரோவ் சொன்னது. இறங்காமல் தட்டையாக நீண்டால் அது கருவியின் இரைச்சல்.

இதெல்லாம் யாருக்கு என்றால், காற்றாலை போடுகிறவர் முதலில் கேட்பது காற்றின் ஏற்ற இறக்கம் சராசரியில் எத்தனை சதவீதம் என்பதுதான். காற்றாலைக்கான சர்வதேசத் தரத்தில் செக்கனுக்கு 15 மீற்றர் காற்றுக்கு அது 16, 14, 12 சதவீதம் என்று ஏ, பி, சி வகையாகப் பிரிகிறது. மன்னாரில் 30 காற்றாலைகளோடு நிற்கும் தம்பபவனி போன்ற திட்டத்தில், இறக்கை எவ்வளவு களைக்கும் என்ற கணக்கு இந்த எண்ணில் தங்கியிருக்கிறது. பலாலி போன்ற விமானநிலையத்துக்கு வேறு எண்: வானிலை அறிக்கையில், 10 நிமிடச் சராசரியை 10 நொட்டாவது மிஞ்சினால்தான் வன்வீச்சு என்று எழுதுவார்கள்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் காற்று திசை தேடி அலையும். அந்த நாள்களின் அமைதியான இரவுகளில் கணிக்கும் பாயத்தை நம்புவது கஷ்டம். கருவியைக் கீழே இறக்கச் சரியான நேரமும் அதுதான். பஞ்சு ஒட்டிய பெட்டிக்குள் ஒரு மணிநேரம் வைத்துப் பாருங்கள், மூன்று கூறுகளும் பூச்சியத்தோடு ஒட்டி நிற்கவேண்டும். கைநூலில் சொன்ன எல்லையைத் தாண்டினால், அடுத்த காற்று பிடிக்கமுன்னம் திருத்தத்துக்கு அனுப்பிவிடுங்கள்.