இரண்டு கொறடாக்கள்

அமெரிக்க ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ தொடரை முதலில் பார்த்துவிட்டு, அதற்கு மூலமான பிரித்தானியத் தொடரைப் பிற்பாடு தேடிப்போனவர்களில் நானும் ஒருவன். பி.பி.சி. 1990ஆம் ஆண்டு ஒளிபரப்பிய அந்த மூலத்தொடருக்கு நான்கே பகுதிகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் உட்கார்ந்தால் இரவுச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடலாம். அதைப் பார்த்த பிறகுதான், அமெரிக்கத் தொடரில் பல பருவங்களாக எனக்கு எது இடறிக்கொண்டே இருந்தது என்பது பிடிபட்டது.

இரண்டு கதைகளும் ஒரே முடிச்சிலிருந்துதான் கிளம்புகின்றன. ஆட்சியைக் கைப்பற்ற உழைத்த ஒரு கொறடா, தனக்குக் கிடைக்குமென்று நம்பியிருந்த பதவி மறுக்கப்பட்டதும், மறுத்தவரையே கவிழ்க்கப் புறப்படுகிறார். லண்டனில் அவர் பிரான்சிஸ் அர்கர்ட். கன்சர்வேடிவ் கட்சியின் தலைமைக் கொறடா. வாஷிங்டனில் அவர் பிரான்சிஸ் அண்டர்வுட். ஜனநாயகக் கட்சியின் பெரும்பான்மைக் கொறடா. இருவரும் அவ்வப்போது திரும்பி நம்மிடமே பேசுகிறார்கள். ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டிடமிருந்து வந்த பழக்கம் அது.

கொறடா என்ற சொல் நமக்குப் புதிதல்ல. 1985ஆம் ஆண்டுக் கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, அவருடைய உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினருக்குப் பதவியே போகலாம் என்பது நாளிதழ் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். பிரித்தானியக் கொறடாவுக்கு அப்படிப்பட்ட சட்டத்தின் துணை கிடையாது. யாருக்கு எங்கே கடன், யாருக்கு யாரோடு தொடர்பு என்று அறிந்துவைத்திருப்பதுதான் அவருடைய கையிருப்பு. இந்த வேலையின் இயல்பிலிருந்தே அர்கர்டின் சூழ்ச்சி முழுவதும் பிறக்கிறது. பிரதமர் காலிங்ரிட்ஜின் குடிப்பழக்கமுள்ள சகோதரர் பெயரில் பங்குகளை வாங்கி, அது அரசின் உள்தகவலை வைத்துச் செய்யப்பட்டது என்ற தோற்றத்தை உண்டாக்குகிறார். பிரதமர் பதவி விலகுகிறார். அடுத்து நிற்கும் போட்டியாளர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சரிகிறார்கள். அன்றைய முறைப்படி கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களே என்பதாலும், ஆளுங்கட்சியின் தலைவரே பிரதமர் என்பதாலும், மக்களிடம் ஒரு வாக்குக்கூடக் கேட்காமல் சில வாரங்களில் ஆட்சி கைமாறிவிடுகிறது. கதை வேகமாக ஓடுவதற்கு நாடாளுமன்ற முறையே வழிவிடுகிறது. கட்சிக் கூட்டத்தில் முதலமைச்சர் மாறுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, இதில் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இது நடக்காது. அதிபரை அவருடைய கட்சி உறுப்பினர்கள் கூடி மாற்றிவிட முடியாது. ஆகவே அண்டர்வுட் முதலில் ஓர் ஆளுநர் தேர்தலைக் குலைத்து, அதில் போட்டியிடுவதற்காகத் துணை அதிபரையே விலகவைத்து அவர் இடத்தைக் காலியாக்கி, அதில் அமர்ந்து, பிறகு அதிபர் வாக்கரைப் பதவிநீக்கத்தின் விளிம்புவரை தள்ள வேண்டியிருக்கிறது. இதற்கே இரண்டு பருவங்கள், 26 பகுதிகள் ஆகின்றன. ஏணி நீண்டதால் ஒவ்வொரு படிக்கும் ஒரு சதி தேவைப்பட்டது. சீனத் தொழிலதிபர், ரஷ்ய அதிபர் என்று ஆட்கள் பெருகினார்கள். 73 பகுதிகள் முடிவதற்குள் நம்பகத்தன்மை கரைந்துவிட்டது. இதை எழுதியவர்களின் திறமைக்குறைவு என்று நான் சொல்லமாட்டேன். ஒரு நாட்டின் அரசியலமைப்புக்காக வெட்டிய சட்டையை இன்னொரு நாட்டுக்கு அணிவித்ததால் வந்த சிக்கல் அது.

தொனியிலும் பெரிய வேறுபாடு உண்டு. இயான் ரிச்சர்ட்சன் நடித்த அர்கர்ட், பழைய மேட்டுக்குடி மரியாதையோடு கொலை செய்கிறவர். முதல் காட்சியில் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சரின் படத்தைக் கையிலெடுத்து, எவ்வளவு ஒளிமிக்க ஆட்சியும் ஒருநாள் முடியத்தான் வேண்டும் என்று சொல்லும்போதே நமக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அந்தத் தொடர் வெளிவரத் தொடங்கிய அதே நவம்பரில்தான் தாட்சரும் பதவி விலகலை அறிவித்தார். மூல நாவலை எழுதிய மைக்கேல் டாப்ஸ் அவருடைய கட்சியிலேயே பணியாற்றியவர் என்பதால், கேலி உள்ளிருந்து வருகிறது. அண்டர்வுட்டோ முதல் காட்சியில் அடிபட்ட நாயொன்றைக் கையாலேயே கொல்கிறார். அதன் பிறகு அந்தத் தொடரில் யாரும் மனம்விட்டுச் சிரிப்பதில்லை.

மறுஆக்கம் மூலத்தை மிஞ்சும் இடம் ஒன்றிருக்கிறது: மனைவி. எலிசபெத் அர்கர்ட் சில காட்சிகளில் வந்து கணவரின் காதில் ஓதிவிட்டுப் போகிறார்; அவருக்கென்று ஒரு வாழ்க்கை இருப்பதாகவே தெரியவில்லை. ராபின் ரைட் நடித்த கிளேர், நீண்ட ஏணியில் கணவனுக்கு இணையாக ஏறி, இறுதியில் அதிபராகவே ஆகிறார். நீளத்தால் விளைந்த ஒரே நன்மை என்று இதைத்தான் சொல்வேன்.

செய்தியாளர் பெண்ணின் மரணத்தில் மீண்டும் மூலமே வெல்கிறது. அமெரிக்கத் தொடரின் ஸோயி பார்ன்ஸ் ஒரு நொடியில் மெட்ரோ ரயில்முன் தள்ளப்படுகிறாள். நாம் திடுக்கிடுகிறோம், அவ்வளவுதான். மூலத்தில் மேட்டி ஸ்டோரின் என்பவள் நாடாளுமன்றக் கட்டடத்தின் மொட்டைமாடியில் அர்கர்டை நேருக்குநேர் கேட்கிறாள்; அவரை ‘அப்பா’ என்றே அழைத்துவந்தவள் அவள். கதை நெடுக, அவள் கேட்ட கேள்விகளுக்கு அவர் கொடுத்துவந்த விடை, “நீங்கள் அப்படி நினைக்கலாம், அதுபற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை” என்பதுதான். அவளைத் தூக்கி எறிந்த பின், காரில் செல்லும்போது, அதே விடையை நம்மிடம் சொல்கிறார்.