இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் நடை

கடந்த ஆண்டு, இரத்தச் சர்க்கரையின் சில மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் எனக்கு 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5ஐத் தொட்டால் நோய். தினமும் நடக்கச் சொன்னார் மருத்துவர். நடந்தால் நல்லது என்பது யாருக்குத்தான் தெரியாது? தெரிந்தும் கால் வாசலைத் தாண்ட மறுப்பதுதான் சிக்கல்.

மன உறுதி போதவில்லை என்று நம்மை நாமே திட்டிக்கொள்வது வழக்கம். பலன் வந்து சேரும் தாமதமே பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஹெச்பிஏ1சி அளப்பது இரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையை; அவை ஏறக்குறைய 120 நாட்கள் உயிர்வாழ்வதால், அது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியையே காட்டும். இன்று வியர்க்க விறுவிறுக்க நடந்ததற்கு நாளை அதில் ஒரு சுவடும் இருக்காது. குளுக்கோமீட்டர் அப்படியல்ல. மூன்று தோசை சாப்பிட்டுவிட்டுத் தொலைக்காட்சி முன் அமர்ந்த இரவில், ஒரு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்த்தபோது இரத்தச் சர்க்கரை 178 இருந்தது. அதே தோசை, அதே சட்னியோடு தெருமுனை வரை இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்த இரவில் 141. வேலை செய்யும் தசைகள் இன்சுலினுக்காகக் காத்திராமலேயே இரத்தத்தில் உள்ள குளுக்கோஸை இழுத்துக்கொள்கின்றன என்பதை எத்தனையோ முறை படித்திருந்தாலும், அந்தச் சின்னத் திரையில் பார்த்த பிறகுதான் நடையில் எனக்கு ருசி பிறந்தது. (வீட்டுக் கருவியில் 15 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம் என்பதால், வெவ்வேறு இரவுகளில் திரும்பவும் சோதித்துக்கொண்டேன்.)

நேரத்தையும் மாற்றினேன். விடியற்காலை நடை, இரவு பத்து மணிக்கே படுத்துவிடக் கொடுத்துவைத்தவர்களுக்கு உரியது. இரவுச் சாப்பாடோ எந்த நாளும் தவறாது. ஆகவே கை கழுவியதும் செருப்பை மாட்டிக்கொள்வது என்று வைத்துக்கொண்டேன். போகலாமா வேண்டாமா என்ற பட்டிமன்றத்துக்கே அங்கு இடமில்லை.

21 நாட்கள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி, 22ஆம் நாள் சோர்ந்துபோகிறவர்கள் பலர். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலேயே நடக்கும் நிலையை எட்ட ஆன நாட்களின் இடைநிலை அளவு 66, அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல். ஆளுக்கு ஆள் அது 18இலிருந்து 254 வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. விருந்தாளி வந்த இரவுகளில் எனக்கு இது பெரிய ஆறுதல்.

ஐப்பசி அடைமழைக்கும் ஏற்பாடு உண்டு: தெருவில் தண்ணீர் நின்றால் கூடத்திலிருந்து அடுப்படி வரை, வீட்டார் சிரித்தாலும் பரவாயில்லை என்று, கால் மணி நேரம் நடப்பேன்.