முழம், செங்கல், கொடிக்கம்பம்: ஆறாம் வகுப்பில் ஒரு வாரம்

ஜூலை 14, 2025, திங்கள்

அறிவியலில் அளவீடு பாடம். சாண், முழம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும், அதனால்தான் மீட்டர் வந்தது என்று புத்தகத்தில் இருப்பதை வாசித்தால் ரெண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும், பிள்ளைகளும் தலையை ஆட்டிவிடுவார்கள். அதனால் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, பெஞ்சை முழம் போட்டு அளக்கச் சொன்னேன். ஒருத்தனுக்கு மூன்றே கால், இன்னொருத்திக்கு மூன்றரை, கடைசி பெஞ்ச் குட்டைப் பையனுக்கு நாலுக்குக் கொஞ்சம் குறைவு, நான் வைத்தால் சரியாக மூன்று. 'யாரு சொல்றது சரி?' என்று கேட்டதும் வகுப்பே ஒருமுகமாக என்னைக் காட்டியது. டீச்சர் கை என்றால் தப்பாகாதாம்!

ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பில் பூ விற்கும் அம்மாவின் மகள் இந்த வகுப்பில்தான் படிக்கிறாள். 'எங்கம்மா இப்படி நீட்டி அளக்காது டீச்சர்' என்று எழுந்து வந்து, முழங்கையில் நூலைப் பிடித்து, நாலு விரலையும் உள்ளே மடக்கி, மடக்கின விரல் மூட்டோடு நிறுத்திக் காட்டினாள். 'ஏமாத்துறாங்க' என்று ஒரே சத்தம். அவள் அசரவில்லை. 'முகூர்த்த நாள்ல கிலோ என்ன வெலைக்குப் போகுதுன்னு தெரியுமா? வெலை ஏறுனா முழம் சின்னதாகும், வெலை இறங்குனா பெருசாகும், வாங்குற ஆளுக்கும் அது தெரியும்' என்றாள். 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனாலும் தெருவில் அதை இன்னும் முழத்தில்தான் விற்கிறார்கள். அந்த முழம் ஏன் நீண்டும் குறுகியும் போகிறது என்பதற்குப் புத்தகத்தில் இல்லாத காரணம் இது. கரும்பலகையில் எழுதிப் போட்டேன், அழிக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். காலை முழுக்கப் பேச்சுப் போட்டி, பாடம் எதுவும் ஓடவில்லை. எல்லோருமே 1903, விருதுநகர் என்று ஆரம்பித்து மதிய உணவுத் திட்டத்தில் வந்து முடித்தார்கள். எழுதிக் கொடுத்த அப்பா அம்மாமார்கள் ஒரே பக்கத்தைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். காமராசர் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என்று ஒருத்தி சொன்ன இடத்தில் மட்டும் என் வகுப்புப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். கவனிக்கத்தான் செய்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களுடையது நடுநிலைப் பள்ளி. காலை உணவு ஒன்று முதல் ஐந்து வரைதான். 2022 செப்டம்பரில் இதே மதுரையில்தான் அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். போன வருஷம் வரை இங்கேயே தட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், ஆறாவது வந்ததும் அதே வராண்டாவில் சின்னதுகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே வகுப்புக்குள் வருகிறார்கள். பதினோரு வயசில் பசி ஒன்றும் குறைந்துவிடுவதில்லை. பிஸ்கட் டப்பா ஒன்று என் மேசையில் எப்போதும் இருக்கும்.

ஜூலை 16, புதன்

சமூக அறிவியல் டீச்சர் விடுப்பு, அவர் பீரியடையும் நானே எடுத்துக்கொண்டேன். சிந்துவெளி. லோத்தலில் கிடைத்த தந்த அளவுகோலில் மிகச் சிறிய கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி சுமார் 1.7 மில்லிமீட்டர் என்றதும் ஆளாளுக்கு ஸ்கேலை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்கள். நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் அவ்வளவு நுணுக்கமாகக் கோடு கிழித்தவன் எதை அளந்திருப்பான் என்று கேட்டேன். நகை, முத்து, மருந்து என்று பதில்கள் வந்தன.

ஹரப்பா செங்கல் உயரம், அகலம், நீளம் 1:2:4 விகிதம். கணக்கில் விகிதம் பாடம் அடுத்து வரப்போவதால் வாகாக அமைந்தது. கழிப்பறைக் கட்டுமானத்துக்கு இறக்கியிருந்த செங்கலில் ஒன்றைக் கொண்டுவந்து அளந்தோம். நீளம் ஒன்பது அங்குலம், அகலம் நாலரை, உயரம் மூன்று. உயரம் பொருந்தவில்லை, ஆனால் நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்கு, அன்றும் இன்றும். ஏன் இரண்டு மடங்கு என்று நான் கேட்டு முடிப்பதற்குள் ஒரு கொத்தனார் மகன் வெளியே ஓடி இன்னும் ரெண்டு கல்லைத் தூக்கிவந்து, ஒன்றை நெடுக்காக வைத்து, அதன் தலைமேல் மற்ற ரெண்டையும் குறுக்காகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். ஓரம் ஓரத்தோடு சேர்ந்து நின்றது. 'அப்பத்தான் டீச்சர் சுவத்துல பூட்டு விழும், இல்லாட்டிப் பிளந்துக்கிரும்.' அதற்கு மேல் நான் விளக்க ஒன்றும் இல்லை. கீழடிக் கட்டடச் செங்கலையும் அளக்கலாமா என்றார்கள், பக்கத்தில்தானே. அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போக அனுமதிக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒண்ணாந்தேதி, காற்றும் சொல்லி வைத்த மாதிரி வந்துவிட்டது. விகிதத்தை வெளியில் வைத்து நடத்தினேன். பத்தே முக்கால் வாக்கில் மீட்டர் குச்சியை நட்டால் நிழல் சரியாக ஐம்பது சென்டிமீட்டர். அப்படியானால் கொடிக்கம்பத்தின் நிழலையும் இரண்டால் பெருக்கினால் உயரம் வந்துவிடும். குச்சி ரெண்டு தடவை காற்றில் சாய்ந்தது, மேகம் வேறு வந்து வந்து மறைத்தது, மேகம் விலகியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு டேப்பை இழுத்தார்கள்.

முதலில் பீடத்தின் ஓரத்திலிருந்து அளந்தார்கள். 2.6 மீட்டர் வந்தது, உயரம் 5.2 என்று ஒரு கூட்டம் எழுதியும் விட்டது. கம்பம் பீடத்தின் ஓரத்திலா நிற்கிறது, நடுவில் அல்லவா என்று ஒருத்தி மடக்கினாள். பீடத்துக்குள் இருக்கும் அரை மீட்டரையும் சேர்த்தால் 3.1, ஆக 6.2 மீட்டர். அடுத்து ஒருவன், 'இப்படியே யானைமலையை அளக்கலாமா?' என்றான். நல்ல கேள்வி, ஏனென்றால் அங்கேயும் அதே சிக்கல்தான். உச்சிக்கு நேர் கீழே உள்ள புள்ளி மலைக்குள்ளே இருக்கிறது, டேப் போகாது. பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் வரும், அப்போது தூரத்தில் நின்று கோணத்தை வைத்தே அளப்பீர்கள் என்றேன். அவ்வளவு நாள் ஆகுமா என்று முகம் சுளித்தான்.

சாப்பாட்டு மணி அடித்த நேரத்தில் குச்சியின் நிழல் ஒரு சாணுக்குள் சுருங்கியிருந்தது, விழுந்த பக்கம் தெற்கு! மதுரையில் இந்த மாதத்தில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது, அதனால்தான். ஆகஸ்ட் கடைசியில் நேர் உச்சிக்கு வரும்போது நிழல் குச்சியின் காலடிக்குள் ஒடுங்கிவிடும். நம்ப மறுத்தவர்கள் நாலு பேர் காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறார்கள்.

ஜூலை 18, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி, வருகை கொஞ்சம் குறைவு. பூக்காரம்மா மகள் முதல் பீரியட் முடிந்துதான் வந்தாள், கோயில் வாசலில் வியாபாரமாம். 'இன்னைக்கு முழம் எப்படி?' என்றதற்கு விரலை நன்றாக மடக்கிக் காட்டினாள்.

வீட்டிலிருந்து பழைய படி, உழக்கு, ஆழாக்கு கொண்டுவரச் சொல்லியிருந்தேன். எட்டு ஆழாக்கு ஒரு படி, நாலு உழக்கு ஒரு படி. தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஒரே வீட்டுச் சாமான்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போயின, ஆனால் ரெண்டு வீட்டுப் படிகளை அளவு ஜாடியில் ஊற்றினால் ஒன்று ஒன்றரை லிட்டரைத் தாண்டியது, இன்னொன்று எட்டவே இல்லை. மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்தது 1956இல், இந்தப் பிள்ளைகளின் ஆச்சிமார்கள் இன்னும் படியில்தான் அரிசி அளந்து போடுகிறார்கள். யார் வீட்டுப் படி சரி என்று சண்டை, மணி அடித்தும் ஓயவில்லை.

மத்தியானம் தலைமையாசிரியர் பழைய கோப்பைத் தேடி கொடிக்கம்பம் வாங்கின பில்லை எடுத்து வந்தார். இருபது அடி. நம் 6.2 மீட்டரோ இருபது அடிக்கும் மேலே. பீடம் ரெண்டரை அடி உயரத்தைக் கூட்டுகிறது, அப்படியானால் கம்பத்தில் ரெண்டு அடி கண்ணுக்குத் தெரியாமல் பீடத்துக்குள் புதைந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். சரிதானா என்று தோண்டிப் பார்க்க மண்வெட்டியோடு கிளம்பிய ரெண்டு பேரைப் பி.இ.டி. சார் துரத்திவிட்டார்.