பொருளும் நன்கொடையும் ஒரே பில்லில்: ஒரு அறக்கட்டளைக் கடைக்குப் பணம் கட்டும் பக்கம் அமைத்த அனுபவம்

பனையோலைப் பெட்டி, பத்தமடைப் பாய், கைத்தறித் துண்டு என்று பல மகளிர் குழுக்கள் செய்வதை விற்றுக்கொடுத்து, கூடவே நன்கொடையும் வாங்குகிற ஒரு அறக்கட்டளையின் இணையக் கடைக்கு, பணம் கட்டும் பகுதியை நான்தான் அமைத்துக் கொடுத்தேன். இதே மாதிரி வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். பேமென்ட் கேட்வேயை, அதாவது வாங்குபவரிடம் பணம் பெற்று நம் கணக்குக்கு அனுப்பும் சேவையை, இணைப்பது சீக்கிரம் முடிந்துவிடும். பணம் கொடுப்பவருக்கு, என் பணம் இப்போது யார் கையில் இருக்கிறது, எதற்குப் போகிறது என்று கடைசி வரை தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். நேரமெல்லாம் அதற்குத்தான் போனது.

முதலில் பெயர். கடைக்கு ஒரு பெயர், வங்கிக் கணக்கு இருப்பது அறக்கட்டளையின் பதிவுப் பெயரில். யுபிஐ செயலியில் பின் நம்பர் போடப் போகும்போது அந்தப் பதிவுப் பெயர்தான் தெரியும். சோதித்துப் பார்க்க உட்கார்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அந்த இடத்தில் போனைக் கீழே வைத்துவிட்டார். "தம்பி, வேற யார் பேரோ வருதே, நான் போட மாட்டேன்" என்றார். அவர் செய்ததுதான் சரி, எல்லோரும் அப்படி நின்று பார்க்க வேண்டும். அதனால் பட்டனுக்கு மேலேயே, அடுத்து உங்கள் செயலியில் இந்தப் பெயர் வரும், இது எங்கள் அறக்கட்டளையின் பதிவுப் பெயர் என்று போட்டோம். பட்டனிலும் வெறும் "தொடர்க" கிடையாது, "₹1,150 செலுத்துக" என்று தொகையே இருக்கும்.

அப்புறம் நன்கொடை. அறங்காவலர்களில் சிலர், ஒவ்வொரு பில்லிலும் ₹50 நன்கொடைக்கு முன்கூட்டியே டிக் போட்டு வைக்கலாம், நல்ல காரியம்தானே என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிராக வெளியிட்ட வழிகாட்டுதலில் 13 வகைகள் இருக்கின்றன. வாங்குபவரைக் கேட்காமல் கூடையில் தொகை சேர்ப்பது அதில் ஒன்று, அந்த விளக்கத்தில் அறக்கட்டளைக்கான நன்கொடையும் சொல்லப்பட்டிருக்கிறது. அதைக் காட்டியதும் அவர்களே வேண்டாம் என்றுவிட்டார்கள். "உதவ விருப்பமில்லை" என்று மனதைக் குத்துகிற வாசகத்தையும் அந்த வழிகாட்டுதல் தடுக்கிறது, அதனால் "நன்கொடை இல்லாமல் தொடர்க" என்று வைத்தோம். சட்டமே இல்லாவிட்டாலும் இதைத்தான் செய்திருப்பேன். தெரியாமல் எடுத்த ஐம்பது ரூபாய்க்குப் பெயர் நன்கொடை இல்லை.

பாய் வாங்கிய பணத்துக்கு வருமான வரிச்சலுகை (80ஜி என்பார்கள்) கிடையாது, நன்கொடைக்கு மட்டும்தான். ₹900 பொருளும் ₹250 நன்கொடையும் ஒரே தடவையில் கட்டினாலும் பொருளுக்கு பில், நன்கொடைக்கு ரசீது என்று இரண்டு தாள் போக வேண்டும். கட்டும் பக்கத்திலேயே இரண்டு வரிகளாகப் பிரித்துக் காட்டினோம். அன்றே போகிற ரசீது வேறு, வரிக் கணக்குக்கு வேண்டிய நன்கொடைச் சான்றிதழ் (நாங்கள் அமைத்தபோது படிவம் 10பிஇ) வேறு. நிதியாண்டு முடிந்து மே 31க்குள் அறக்கட்டளை நன்கொடை விவரங்களை வருமான வரித் துறையிடம் தாக்கல் செய்த பிறகுதான் அது கிடைக்கும். இதை முன்னாலேயே சொல்லாவிட்டால் ஜூலையில் போன் மேல் போன் வரும். பான் எண்ணும் வரிச்சலுகை வேண்டும் என்பவரிடம் மட்டும் கேட்டால் போதும். புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை, அதையும் ஒரு வரியில் எழுதினோம்.

வெளிநாட்டுப் பணம் தனி வேலை. வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கு வேண்டிய எஃப்சிஆர்ஏ பதிவு இந்த அறக்கட்டளைக்கு இல்லை. சிங்கப்பூர் குடியுரிமை உள்ள ஒரு தமிழர் பாய் வாங்கலாம், அது வழக்கமான வியாபாரம்; அவரிடம் நன்கொடை வாங்கக் கூடாது. ஆனால் அங்கே வேலை பார்க்கிற இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து தரலாம். ஆடிட்டரோடு உட்கார்ந்து இதைத் தெளிவுபடுத்திக்கொண்டு, நன்கொடை தேர்ந்தெடுப்பவரிடம் மட்டும் குடியுரிமையைக் கேட்கிறோம், ஏன் கேட்கிறோம் என்பதையும் அங்கேயே சொல்கிறோம்.

கட்டண விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேமிப்புக் கணக்கிலிருந்து போகும் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி முதல் எம்டிஆர், அதாவது கடைக்காரரிடம் எடுக்கும் கட்டணம், இல்லை. கிரெடிட் கார்டுக்கு கேட்வே 2 சதவீதம் எடுத்தால், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து ஐயாயிரம் ரூபாயில் ₹118 போகும். அறக்கட்டளையே அதை ஏற்றுக்கொள்கிறது, பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறோம்.

இத்தனையிலும் ரொம்ப மெனக்கெட்டது, பணம் போய் உறுதி வராத நிலைக்கு. யுபிஐ செயலிக்குப் போய்ப் பணம் கட்டியவர் பலர் திரும்ப நம் பக்கத்துக்கு வருவதே இல்லை. அங்கேயே பச்சை டிக்கைப் பார்த்துவிட்டு போனை மூடிவிடுவார்கள், அல்லது சிக்னல் போய்விடும். அதனால் பிரவுசர் திரும்பி வந்து சொல்வதை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது. கேட்வே நம் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் தகவலைத்தான் நம்ப வேண்டும், அதுவும் வராவிட்டால் நாமே கேட்டுப் பார்க்க வேண்டும். ஆர்டர் எண் பணம் கட்டுவதற்கு முன்பே உருவாகி, அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பதில் தெரியாத நேரத்தில் "தோல்வி, மீண்டும் முயலவும்" என்று காட்டுவதைப் போல ஒரு கெடுதல் இல்லை. மனிதர் பதறிப்போய் இரண்டாவது தடவை கட்டிவிடுவார்.

நாங்கள் வைத்த வாசகம் இது: "உங்கள் வங்கியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. கணக்கில் பணம் குறைந்திருந்தால் மறுபடி கட்ட வேண்டாம். தெரிந்ததும் எஸ்எம்எஸ் அனுப்புகிறோம்." அதற்குக் கீழே ஆர்டர் எண், யுபிஐயின் 12 இலக்கக் குறிப்பு எண்ணை எங்கே பார்ப்பது என்ற விளக்கம், ஒரு மனிதர் எடுக்கிற போன் நம்பர். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, கடைக்கு உறுதி வராத யுபிஐ பணம் 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு ₹100 இழப்பீடு. இதையும் அந்தத் திரையில் போட்டோம், படித்தவுடன் பதற்றம் பாதி குறைகிறது. ஆர்டர் காலாவதியான பிறகு பணம் வந்து சேர்ந்தால் நாங்களாக நன்கொடைக் கணக்கில் போட்டுக்கொள்வதில்லை. பொருள் அனுப்பவா, பணத்தைத் திருப்பவா என்று கேட்கிறோம், பதில் இல்லாவிட்டால் திருப்பிவிடுகிறோம்.

மாத நன்கொடையை இப்போதுதான் சேர்க்கிறோம். தானாக எடுக்கப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பாக வங்கியிடமிருந்து தகவல் போக வேண்டும் என்பது விதி. நாங்களும் தனியாக ஒரு செய்தி அனுப்பப் போகிறோம், நிறுத்துவதற்கான லிங்க் அதன் முதல் வரியிலேயே இருக்கும்.